பொதுக் குடியிருப்பில் தோட்டப் போட்டி: நடத்துபவர்களுக்கான கேள்வி பதில்

பொதுக் குடியிருப்பு என்று இங்கே சொல்வது, அரசோ உள்ளாட்சியோ அறக்கட்டளையோ குறைந்த வாடகைக்கு விடும் அடுக்குமாடி வீடுகளையும் வரிசை வீடுகளையும். கீழே வரும் கணக்குகள் 40 பேர் பங்கேற்கும் போட்டிக்கானவை. ஆள் கூடினாலும் குறைந்தாலும் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

போட்டி எதற்கு? வீட்டுக்கு நாலு செடி கொடுத்துவிட்டால் போதாதா?

கொடுக்கலாம். முதல் மூன்று வாரம் எல்லாரும் தண்ணீர் ஊற்றுவார்கள். ஐந்தாவது வாரம் இலை சுருளும், அசுவினிப் பூச்சி ஒட்டும், வெளியூர் போய்த் திரும்பினால் தொட்டி காய்ந்து கிடக்கும். பலருக்கு அதோடு விட்டுப்போகும். இன்ன தேதிக்கு நடுவர்கள் வருவார்கள் என்று தெரிந்திருந்தால் அந்த ஐந்தாவது வாரத்தைத் தாண்டிவிடுவார்கள்.

யோசனை புதிதல்ல. நியூயார்க் நகர வீட்டுவசதி ஆணையம் 1960-களிலேயே தன் குடியிருப்பாளர்களுக்குத் தோட்டப் போட்டி நடத்தத் தொடங்கிவிட்டது. இந்த மாதிரிப் போட்டி கெட்டுப்போகிற விதமும் பழகிய ஒன்றுதான். தரைத்தளத்தில் நாள் முழுக்க வெயில் விழும் இடமும் கைப்பழக்கமும் உள்ள இரண்டு மூன்று பேரே ஆண்டுதோறும் ஜெயிப்பார்கள். மூன்றாவது ஆண்டு மற்றவர்கள் பெயரே கொடுக்க மாட்டார்கள். விதி எழுதும்போது ஐந்தாவது மாடியில் மூன்று மணி நேர வெயிலையும் நாலு தொட்டியையும் வைத்துக்கொண்டிருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஜெயிக்க வழியே இல்லாத விதி என்றால் அதை மாற்றுங்கள்.

மொத்தம் எத்தனை வாரம் வேண்டும்?

இருபது. நடுவர் நாளை முதலில் குறித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தக்காளி நாற்று நட்டுப் பழம் பறிக்க 60 முதல் 85 நாள், பீன்ஸ் விதைத்துக் காய் பறிக்க 50 முதல் 60 நாள், முள்ளங்கிக்கும் கீரைக்கும் ஏறத்தாழ ஒரு மாதம். ஆகவே நடவுக்கும் நடுவர் நாளுக்கும் நடுவே 12 வாரம் விடுங்கள். அதற்கு முன்னால் பெயர்ப் பதிவுக்கு 4 வாரம், பொருள் வாங்கிப் பிரித்துக் கொடுக்க 2 வாரம். நடுவர் நாளுக்குப் பிறகு முடிவுக்கும் பரிசளிப்புக்கும் 2 வாரம்.

தக்காளியையும் மிளகாயையும் விதையாகக் கொடுக்காதீர்கள். நாற்றாக வரவே 5, 6 வாரம் ஆகும். முதல்முறை வளர்ப்பவர் தண்ணீரை அள்ளி ஊற்றி, தண்டின் அடி அழுகி நாற்று சாய்ந்துவிடும். கீரை, முள்ளங்கி, பீன்ஸ் மூன்றையும் விதையாகவே கொடுக்கலாம். அவை எட்டு பத்து நாளுக்குள் முளைத்துவிடுவதால் தொடங்குபவருக்குத் தெம்பு வரும்.

பிரிவுகளை எப்படிப் பிரிப்பது?

இடத்தைப் பார்த்துப் பிரியுங்கள். பால்கனி மற்றும் சன்னல், தரைத்தள முற்றம், பலர் சேர்ந்து பார்க்கும் பொது இடம் என்று மூன்று போதும். இவற்றுக்குக் குறுக்கே ‘முதல்முறை வளர்ப்பவர்’ என்று ஒன்று வையுங்கள். அதில் இருப்பவர் தன் இடப் பிரிவிலும் போட்டியிடலாம். ஒரு பிரிவில் ஐந்து பேருக்குக் குறைவாகச் சேர்ந்தால் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுங்கள். மூன்று பேரில் மூன்று பரிசு கொடுத்தால் வாங்குபவருக்கே கூச்சமாக இருக்கும்.

பூச்செடி, காய்கறி என்று தனித்தனிப் பிரிவு வேண்டாம். சின்ன இடத்தில் இரண்டையும் கலந்து வைப்பதுதான் நல்ல வழக்கம். பிரித்தால் ஒன்றைப் பிடுங்கி எறிவார்கள்.

பதிவுத் தாளில் வெயில் கணக்கு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். வெயில் அடிக்கும் ஒரு நாளில் காலை 8, 10, 12, பிற்பகல் 2, 4 என்று ஐந்து முறை பார்த்து, நேரடி வெயில் விழுந்தால் டிக் போடச் சொல்லுங்கள். ஒரு டிக் என்றால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஒன்றோ இரண்டோ டிக் விழுந்த வீட்டுக்குத் தக்காளி கொடுப்பது ஏமாற்றுகிற மாதிரி: செடி நெட்டையாக வளரும், பூ உதிரும், காய் பிடிக்காது. அங்கே கீரையும் புதினாவும் போகட்டும்.

நிர்வாகத்திடம் என்ன அனுமதி வாங்க வேண்டும்?

வாய்வார்த்தை போதாது, ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். அதில் நாலு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். போட்டிக்காக வைக்கும் தொட்டி வாடகை ஒப்பந்தத்தை மீறியதாக எடுத்துக்கொள்ளப்படாது. எந்தப் பொது இடத்தில் நடலாம், எங்கே கூடாது. பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கலாமா, எந்த நேரத்தில். போட்டி முடிந்தபின் தொட்டிகள் இருக்கலாமா, எத்தனை நாள்.

கடைசி வரியைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். பரிசு வாங்கிய மறுமாதமே ‘தொட்டிகளை அகற்றவும்’ என்று அறிவிப்பு ஒட்டினால் அடுத்த ஆண்டுப் போட்டி அங்கேயே முடிந்தது.

மாடிப்படி, நடைபாதை, தீயணைப்பு வழி மூன்றிலும் ஒரு தொட்டிகூட வைக்கக்கூடாது. கைப்பிடிச் சுவரின் மேலேயோ வெளிப்பக்கமோ தொங்கவிடுவதும் கூடாது. இந்த இரண்டுக்கும் விலக்கே கிடையாது.

பலர் பெயர் கொடுக்கத் தயங்குகிறார்கள். ஏன்?

நேரமில்லை என்பார்கள். பெரும்பாலும் உண்மைக் காரணம் வேறு: நடுவர் என்ற பெயரில் யாரோ வீட்டுக்குள் வந்து பார்ப்பார்கள். சுவரில் விரிசல், கூடுதலாகத் தங்கியிருக்கும் தம்பி, அனுமதி கேட்காமல் போட்ட மரத்தட்டி எல்லாம் நிர்வாகத்தின் காதுக்குப் போகும் என்ற பயம். குறைந்த வாடகை வீட்டில் இருப்பவருக்கு அது நியாயமான பயம்தான்.

இதற்கு அறிவிப்பிலேயே பதில் சொல்லுங்கள். நிர்வாக ஊழியர் யாரும் நடுவர் குழுவில் இருக்க மாட்டார்கள். நடுவர்கள் பால்கனிக்குப் போகும் வழியைத் தவிர வேறெங்கும் நிற்க மாட்டார்கள். கண்ட எதையும் எழுதமாட்டார்கள், சொல்லமாட்டார்கள் (உயிருக்கு ஆபத்தானதைக் கண்டால் அந்த வீட்டுக்காரரிடமே சொல்வார்கள்). வீட்டுக்குள் யாரையும் விட விரும்பாதவர் தொட்டிகளை அன்று காலை வாசலுக்குக் கொண்டுவந்து காட்டலாம். படம் எடுத்தால் செடி மட்டும். கதவு எண், குழந்தைகள், காயப்போட்ட துணி எதுவும் படத்தில் வரக்கூடாது. படத்தை வெளியிட ஒப்புதல் வேறு, போட்டியில் சேர ஒப்புதல் வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் கையெழுத்து.

தொடக்கப் பொதியில் என்ன கொடுப்பது? எவ்வளவு?

ஆளுக்கு 30 லிட்டர் கலவை என்று வைத்துக்கொள்ளுங்கள்: 10 லிட்டர் வளர்ப்புப் பை இரண்டு, 5 லிட்டர் பை இரண்டு. பெரிய பைகளில் குட்டை ரகத் தக்காளி ஒன்று, மிளகாய் ஒன்று. சின்னப் பைகளில் கீரையும் புதினாவும். கலவைக்குத் தென்னைநார்க் கழிவு 3 பங்கு, மக்கிய உரம் 2 பங்கு, மணல் 1 பங்கு.

40 பேருக்கு 1,200 லிட்டர். அதில் நார்க்கழிவு 600, உரம் 400, மணல் 200 லிட்டர். தண்ணீர் ஊற்றியதும் கலவை அமுங்கும் என்பதால் எல்லாவற்றிலும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். 5 கிலோ நார்க்கட்டி ஒன்று ஊறினால் 65 முதல் 70 லிட்டர் வரும். ஆக 10 கட்டி. ஒவ்வொன்றும் 20, 25 லிட்டர் தண்ணீர் குடிக்கும், எனவே குழாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பிரியுங்கள்.

இரண்டு இடத்தில் இது கெடும். கழுவாத நார்க்கட்டியில் உப்பு இருக்கும். இரண்டு வாரத்தில் இலை நுனி பழுப்பாகிக் கருகும். ஊறவைத்த நாரை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டால் சரியாகிவிடும். அடுத்தது அரைகுறையாக மக்கிய உரம். மூட்டையைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி அடித்தாலோ, கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பாக இருந்தாலோ அதைக் கொடுக்காதீர்கள்; நாற்றின் வேர் வெந்துபோகும். நன்றாக மக்கியது கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் வாசனையோடு இருக்கும்.

பொதி கொடுக்கும் அன்றே ஒவ்வொருவர் இடத்தையும் ஒரு படம் எடுத்து, தேதியோடு பத்திரப்படுத்துங்கள். முன்னேற்றத்துக்கு மதிப்பெண் போடுவதே இந்தப் படத்தை வைத்துத்தான். எடுக்கத் தவறினால் பிறகு ஈடுகட்ட வழியில்லை.

பால்கனி எடை தாங்குமா?

மேலே சொன்ன கலவை நனைந்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ. வெறும் தோட்டமண் நனைந்தால் 1.6 முதல் 1.9 கிலோ. அதாவது அதே 30 லிட்டர், கலவையில் 30 கிலோ, மண்ணில் 48 முதல் 57 கிலோ. பால்கனிக்குத் தோட்டமண் வேண்டாம் என்று விதியிலேயே எழுதுங்கள்.

மொத்த எடையோடு அது எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் ஓரத்தில் வைக்கும் கிலோ, சுவரை ஒட்டி வைக்கும் கிலோவைவிடத் தளத்தை அதிகம் சோதிக்கும். எனவே பெரிய தொட்டிகள் வீட்டுச் சுவர்ப் பக்கம், சின்னவை வெளிப்பக்கம். பழைய கட்டடமாக இருந்தால் நிர்வாகப் பொறியாளரிடம் எழுத்தில் ஓர் அளவு கேட்டு வாங்குங்கள். வரும்வரை ஒரு தொட்டிக்கு 40 லிட்டர் உச்சவரம்பு என்று வைக்கலாம். 200 லிட்டர் பீப்பாயை வெட்டி மேலே ஏற்றிவிட ஒருவராவது கிளம்புவார்.

தரை மண்ணில் நேரடியாக நடலாமா?

பழைய பெயின்ட் உரிந்து விழுந்த சுவரோரம், இடித்த கட்டடக் குப்பை கொட்டி மேடாக்கிய இடம், வண்டி பழுதுபார்த்த இடம் என்றால் சாப்பிடும் செடி வேண்டாம். அங்கே ஈயம் இருக்கலாம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மண் பரிசோதனை செய்ய வழியில்லையென்றால் அடியில் துணி விரித்து 30 செ.மீ. உயரத்துக்கு வெளிமண் போட்ட பாத்தி கட்டுங்கள், அல்லது பூச்செடி நடுங்கள். கீரையிலும் கிழங்கிலும் ஒட்டிவரும் மண்ணால் ஆபத்து கூடுதல். தக்காளி, மிளகாய் போன்றவற்றில் குறைவு.

தண்ணீர் சொட்டுகிறது, கொசு வருகிறது என்று கீழ் வீட்டார் புகார் சொன்னால்?

புகார் வருமுன்னே விதி போடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு கட்டாயம். ஊற்றி அரை மணி நேரம் கழித்துத் தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்ட வேண்டும். பூவாளியால் மெதுவாக, இரண்டு தவணையாக ஊற்றினால் தட்டே நிறையாது. காய்ந்துபோன நார்க்கலவை முதலில் தண்ணீரை ஏற்காது, ஓரமாக வழிந்துவிடும்; அதைப் பார்த்துவிட்டு ‘வேண்டிய மட்டும் ஊற்றியாச்சு’ என்று நினைப்பார்கள், செடியோ வாடும்.

கொசு விஷயத்தில் ஒரு நுணுக்கம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. வெறுமனே கொட்டிவிட்டால் அடுத்த தடவை நனைந்ததும் பொரிக்கும். வெப்பத்தில் முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை தட்டை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மதிப்பெண் எப்படிப் பங்கிடுவது?

நூற்றுக்கு இப்படி: தொடக்கப் படத்தோடு ஒப்பிட்ட முன்னேற்றம் 30, செடிகளின் நலம் 25, கிடைத்த இடத்தையும் வெயிலையும் பயன்படுத்திய விதம் 20, தண்ணீர், உரம், கழிவு கையாளல் 15, பாதுகாப்பும் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவின்மையும் 10.

‘அழகு’ என்று தனித்தலைப்பு இல்லாதது வேண்டுமென்றேதான். அதை வைத்தால் பளபளப்பான தொட்டியும் வாங்கிவந்த பூச்செடியும் மதிப்பெண்ணை அள்ளும். எண்ணெய் டின்னில் கீரை வளர்த்தவர் தோற்பார். செடி எண்ணிக்கைக்கும் மதிப்பெண் வேண்டாம். நெருக்கி நட்டு நோயை வரவழைப்பார்கள்.

ஒவ்வொரு தலைப்புக்கும் நடுவர் கையில் இரண்டு வரி விளக்கம் இருக்கட்டும். உதாரணமாக, செடி நலம்: புது இலை வருகிறதா, இலையின் அடியில் பூச்சி உண்டா, தண்டு உறுதியா, பூச்சி இருந்தும் அதைக் கவனித்துக் கையாண்டிருந்தால் பாதிக்கு மேல் கொடுக்கலாம். பூச்சி வந்ததற்காகவே பூஜ்ஜியம் போட்டால் அடுத்த முறை தோட்டக்காரர்கள் முதல்நாள் இரவு மருந்தை ஊற்றித்தான் வைப்பார்கள்.

நடுவர் நாளை எப்படி அமைப்பது?

தோட்டத்துக்கு 10 நிமிடம், படியேறி எழுதி முடிக்க 5. மணிக்கு நாலு. ஐந்து மணி நேரம் வேலை என்றால் 20 தோட்டம். 40 தோட்டத்துக்கு அடுத்தடுத்து இரண்டு நாள். குழுவைப் பிரித்து ஆளுக்குப் பாதி பார்க்கக்கூடாது, மூவரும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். காலையில் தொடங்குங்கள். பூசணி, பரங்கி வகை இலைகள் தண்ணீர் இருந்தும் உச்சி வெயிலில் தொங்கும், மாலையில் நிமிரும். விவரம் தெரியாத நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்.

முதல் இரண்டு தோட்டங்களை மூவரும் வாய்விட்டுப் பேசி மதிப்பிடட்டும். அதற்குப் பிறகு தனித்தனியாக எழுதட்டும்.

மூன்று பேர் போட்ட மதிப்பெண்ணைக் கூட்டினால் போதுமா?

கூட்டினால் மதிப்பெண்ணில் பெரிய இடைவெளி வைப்பவர் ஒருவரே முடிவைத் தீர்மானித்துவிடுவார். இதைப் பாருங்கள்:

7-ஆம் எண் தோட்டம்: 72, 70, 52. மொத்தம் 194.
12-ஆம் எண் தோட்டம்: 69, 68, 81. மொத்தம் 218.

இரண்டு நடுவர்களுக்கு 7-தான் மேல். ஆனாலும் 12 ஜெயிக்கிறது, மூன்றாமவர் இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி வைத்ததால் மட்டும். மதிப்பெண்ணுக்குப் பதில் ஒவ்வொருவர் வரிசையில் கொடுத்த இடத்தை (முதலிடம் 1, இரண்டாமிடம் 2) கூட்டுங்கள்: 7-க்கு 1+1+2 = 4; 12-க்கு 2+2+1 = 5. குறைந்தது முதலிடம்.

அதோடு, ஒரே தோட்டத்துக்கு நடுவர்களிடையே 15 மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றே மூவரும் பேசட்டும். சில நேரம் அந்த ஒருவர்தான் மற்ற இருவர் பார்க்காத வேர் அழுகலைப் பார்த்திருப்பார். சமநிலை வந்தால் முன்னேற்ற மதிப்பெண் கூடியவர் முதல். அதுவும் சமமென்றால் பரிசைப் பகிரலாம்.

கடைசி வாரம் பூத்த செடிகளை வாங்கிவந்து அடுக்கினால்?

பார்த்தாலே தெரியும். எல்லாப் பூவும் ஒரே பருவத்தில் இருக்கும். மேல்மண்ணில் ஒரு பாசியோ களையோ இருக்காது. தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டினால் வேர்க்கட்டி பழைய நாற்றுத் தொட்டியின் வடிவத்திலேயே, பக்கத்து மண்ணோடு ஒட்டாமல் அசையும்.

தகுதிநீக்கம் செய்து சண்டை வளர்க்காதீர்கள். ‘நடுவர் நாளுக்கு 6 வாரம் முன்னால் நட்டவையே கணக்கில் வரும்’ என்று விதி போட்டு, ஆறாவது வாரம் எல்லாரிடமும் ஒரு படம் வாங்குங்கள். அதில் இல்லாத செடிக்கு மதிப்பெண் இல்லை.

பூச்சிக்கு என்ன அனுமதிக்கலாம்?

அசுவினிக்கு முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போகும். மாவுப்பூச்சியை ஈரத்துணியால் துடைக்கலாம். அதற்கும் மேல் என்றால் 1 லிட்டர் தண்ணீரில் வேப்பெண்ணெய் 5 மி.லி., திரவ சோப்பு 1 அல்லது 2 மி.லி.; நன்றாகக் குலுக்கி, மாலையில், இலையின் அடிப்பக்கம். ஓர் இலையில் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். வெயிலில் அடித்தால் இலை கருகும். இரசாயனப் பூச்சிக்கொல்லியை மொத்தமாகத் தடை செய்யுங்கள். அடுக்குமாடியில் ஒரு பால்கனியில் அடிப்பது மேல்வீட்டுச் சன்னலுக்குள் போகும்.

செடி திருடுபோனால், யாராவது உடைத்தால்?

நடுவர் நாளுக்கு முன்னால் தெரிவித்து, பழைய படமும் இருந்தால் அதை வைத்தே மதிப்பிடலாம். பெருமழை, ஆலங்கட்டிக்கும் இதே விதி.

முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் எப்படிப் பங்கேற்பது?

உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், கூலிக்குத் தோட்டக்காரர் வைக்கக்கூடாது என்று ஒரே வரியில் விதி எழுதுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு முழங்கால் உள்ளே போக ஏறத்தாழ 70 செ.மீ. இடைவெளி விட்டு, மேசை மாதிரி ஆழம் குறைந்த பாத்தி. நின்றுகொண்டே வேலை செய்பவருக்கு 85 முதல் 90 செ.மீ. உயரம். 10 லிட்டர் பூவாளி நிறைந்தால் 10 கிலோவுக்கு மேல், அதனால் அவர்களுக்கு 3 லிட்டர் பூவாளி கொடுங்கள்.

பரிசு என்ன கொடுக்கலாம்?

பணமாகக் கொடுக்குமுன் உதவித்தொகை பெறுபவர்களுக்கு அது வருமானமாகக் கணக்கிடப்படுமா என்று விசாரியுங்கள். பொருளாகக் கொடுப்பதென்றால் வீட்டில் வைக்க இடமிருக்கும் பொருளாக இருக்கட்டும். ஒற்றை அறை வீட்டுக்குத் தள்ளுவண்டி எதற்கு? நல்ல கத்தரிக்கோல், சின்னக் கைக்கொத்து, ஒரு மூட்டை மண்புழு உரம் எல்லாம் கைகொடுக்கும். நிதியில் பாதிக்கு மேல் தொடக்கப் பொதிக்கே போகட்டும்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தாமல் தரம் கொடுக்கவும் செய்யலாம். சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் புளூம்’ சமூகத் தோட்டத் திட்டத்தின் விருதுகள் பிளாட்டினம், தங்கம், வெள்ளி என்று தரமாகவே கொடுக்கப்பட்டன. தகுதி உள்ள எத்தனை பேரும் தங்கம் வாங்கலாம் என்றால் பக்கத்து வீட்டாரைத் தோற்கடிக்க வேண்டியதில்லை, விதைகூடப் பரிமாறிக்கொள்வார்கள். புதிதாகத் தொடங்கும் குடியிருப்புக்கு இதுவே நல்லது.

முடிவை ஒருவர் ஏற்க மறுத்தால்?

அவருடைய மதிப்பெண் தாளை மட்டும் அவருக்குக் காட்டுங்கள், மற்றவர் தாளைக் காட்டக்கூடாது. ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்கலாம். கூட்டல் பிழையோ விதி மீறலோ இருந்தால் திருத்தப்படும், நடுவர் கருத்து திருத்தப்படாது. இதை நடுவர் அல்லாத ஒருவர் பார்க்கட்டும். தாளில் ‘அருமை’, ‘சுமார்’ என்று மட்டும் எழுதியிருந்தால் சமாதானம் சொல்ல முடியாது. ‘மிளகாய்த் தொட்டிக்கு வடிகால் துளை இல்லை’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

போட்டி முடிந்ததும் தொட்டிகளை என்ன செய்வது?

வேண்டாதவரிடமிருந்து ஒரு குறிப்பிட்ட நாளில் திரும்ப வாங்குங்கள்; இல்லாவிட்டால் காய்ந்த பைகள் குப்பைத்தொட்டியைச் சுற்றி நிற்கும், நிர்வாகம் அதைப் படமெடுத்து அடுத்த ஆண்டு நீட்டும். கலவையைத் தூக்கி எறிய வேண்டாம். பழைய வேரைச் சலித்து எடுத்துவிட்டு, நாலில் ஒரு பங்கு புது உரம் சேர்த்தால் மறுபடி உதவும். ஆனால் தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றும் ஒரே குடும்பம்; ஒன்று வளர்ந்த கலவையில் அடுத்ததாகக் கீரையோ பீன்ஸோ போடச் சொல்லுங்கள். வேர் அழுகி, அல்லது திடீரென்று வாடிச் செத்த செடியின் கலவையைத் திரும்பச் சேர்க்காதீர்கள்.

பொதுப் பாத்திக்குத் தண்ணீர் முறைப்பட்டியல் எழுதும்போது ஒரு நாளுக்கு இரண்டு பெயர் போடுங்கள். வீடு காலி செய்துகொண்டு போகிறவரின் இடத்துக்கு அடுத்து யார் என்பதையும் அதே தாளில் எழுதி, குழாய்க்கு மேலே ஒட்டுங்கள். எல்லாருடைய வெயில் கணக்கையும் கிழிக்காமல் வைத்திருங்கள். எதிரே புதுக் கட்டடம் எழும்பாதவரை அடுத்த ஆண்டு நாற்று பிரிக்கும்போது அதுவே போதும்.